வாத்தியாரின் இடது பக்கம்

சலவைக்கடையில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை வாங்கி, உதறி, கறை எங்கே என்று பார்த்து, டோக்கனை ஊசி குத்திக் கொடுப்பது அவள் வேலை. கறையைப் பற்றி யாரிடமும் மழுப்ப மாட்டாள். "இது போகாதுங்க. வேணும்னா மங்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளிக்கு அது பிடிக்காது. வாடிக்கையாளர்கள் என்னவோ அவளிடமே திரும்பி வந்தார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு வாரத்தைத் தள்ளினாள். அந்த ஒரு வாரம் ஒரு பெண்ணின் படிப்பைக் கொண்டுபோயிற்று. முழுப் பழியும் அந்த வாரத்தின் மேல் இல்லை, கொஞ்சம் பழி அதற்கும் உண்டு. நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் புருஷன் கலை வரலாறு வாத்தியார். மேல்நிலைப் பள்ளியில் அது விருப்பப் பாடம். கணக்கும் விஞ்ஞானமும் எடுத்தவர்கள் அதை ஏதோ படம் பார்க்கும் பாடம் என்று கேலி பேசுவார்கள். பரீட்சைக்கு உட்கார்ந்தால்தான் தெரியும் சேதி. திரையில் ஒரு ஓவியத்தைச் சில நொடி காட்டி எடுத்துவிடுவார்கள், பெயர் கிடையாது, வருஷம் கிடையாது. எந்தக் காலத்தது, யார் கை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, கண் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது, அப்படி வரைந்ததற்கு என்ன காரணம், இத்தனையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். கடைசியில் யாருமே பார்த்திராத படம் ஒன்று வரும். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம். அந்த ஊரில் அந்தப் பரீட்சைக்கு டியூஷன் என்றால் வாத்தியார் வீடுதான். முன்னறையில் நாற்காலி போதாமல் பிள்ளைகள் செருப்பு வைக்கும் பெட்டியின்மேல் உட்கார்ந்து படித்த காலம் உண்டு.

ஒரு நாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதியில் சரிந்தார். மூளையின் வலது பாதியில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இடது கையும் காலும் போயின. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. "வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல பாரு, அது ஒண்ணுதான் நம்மளுக்குப் பாக்கி" என்றாள் அவள் தங்கை, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே. டோக்கன் அக்கா சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "கை கால் வராதது ஒரு பக்கம். அதைவிடப் பெரிசு இது. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதையே இவர் மூளை விட்டுடுச்சு. கண்ணுல கோளாறு இல்ல. பார்க்கணும்னே தோணாது. அதனால குறை இருக்குன்னும் அவருக்குத் தெரியாது. சண்டை போடாதீங்க, பிரயோஜனம் இல்ல."

சொன்னது சரியாக இருந்தது. தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? ஆஸ்பத்திரியிலயே நல்லாப் போட்டாங்க" என்பார். அவள் தட்டை அரைவட்டம் சுற்றி வைத்தால், "இப்பத்தான் கொண்டுவர்றியா?" என்பார். வலது கன்னத்தை மழித்துவிட்டுத் துண்டைக் கேட்பார். இடது கை சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கிக்கொண்டு விரல் நசுங்கினாலும், யாரோ ஒருவருடைய கை என்பது போல உட்கார்ந்திருப்பார். அவள் கற்றுக்கொண்டாள். வலது பக்கம் நின்று பேசினாள், வாயின் இடது ஓரத்தில் ஒட்டியதைக் கேட்காமலே துடைத்தாள், அந்தக் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாள், கடையில் இருக்கும் நேரத்துக்குத் தங்கையைப் பழக்கிவைத்தாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. அதில் அவளுக்குக் கர்வம் கூட உண்டு.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீதான் தட்டைச் சுத்திச் சுத்தி வெளையாடற" என்பார் வாத்தியார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு வீடு மாற்றம். கடைசியில் ஒரே ஒருத்தி நின்றாள். ஒல்லியாக, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள் என்பதால் வாத்தியார் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்திருந்தார். அவள் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். குருவிக்கு ஒரே ஆசை. பழைய ஓவியங்களைப் பழுது பார்க்கும் படிப்பு ஒன்று உண்டு. விரிசல் விட்ட வண்ணத்தை ஒட்டுவது, அழுக்கை எடுப்பது. அந்தக் கல்லூரியில் எடுப்பதே சில பேரைத்தான், எடுத்தால் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. கலை வரலாற்றில் முதல் தரம் வாங்கினால்தான் கதவு திறக்கும். இல்லையென்றால் இல்லை.

"சார் நல்லாத்தானே பேசறாரு. எனக்குப் போதும்" என்று வந்துகொண்டிருந்தாள் அவள்.

வாத்தியாரிடம் அலமாரி நிறைய ஸ்லைடு இருந்தது. சின்ன அட்டைச் சட்டத்துக்குள் ஒரு துண்டு பிலிம், ஒவ்வொன்றும் ஒரு ஓவியம். இளம் வயதில் அவரே அருங்காட்சியகங்களில் கெஞ்சிக் கூத்தாடி எடுத்தவை. காட்டும் இயந்திரம் என்றைக்கோ கெட்டுப்போயிற்று. விழுந்து எழுந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்லைடையெல்லாம் ஸ்கேனரில் வைத்துப் படமாக எடுத்து, அச்சடித்து, அட்டையாக்கி, குருவி கையில் கொடுத்துவிடலாம்.

"போன்லயே எல்லாப் படமும் இருக்குங்களே" என்றாள் டோக்கன் அக்கா.

"போன்ல இருக்கறது படமா? நெகம் அளவு. நெறம் பூரா பொய்."

அவள் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள். வாத்தியார் ஒற்றைக் கையால் ஸ்லைடை எடுப்பார், விளக்குப் பெட்டிமேல் பிடித்துப் பார்ப்பார், விரலால் திருப்புவார், தட்டில் செருகுவார், பொத்தானை அழுத்துவார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடமாட்டார். தண்ணீர் கேட்கமாட்டார், ஜன்னலை மூடு திற என்று சொல்லமாட்டார். அவள் குளித்தாள், தலை உலர்த்தினாள், ஒரு நாள் நாற்காலியிலேயே தூங்கியும் போனாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு அந்த மாதிரி நேரம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். அவர் அச்சடித்த படங்களைக் கடைக்கு எடுத்துப்போய், உணவு இடைவேளையில் துணிக்கு உறை போடும் மெஷினில் பிளாஸ்டிக் உறை ஒட்டிக் கொண்டுவருவாள். படத்தை அவள் பார்த்ததில்லை. தட்டு, சட்டை, சவரம், சக்கரம் எல்லாவற்றையும் கவனித்தவள் அட்டைகளை மட்டும் கவனிக்கவில்லை. அது அவருடைய இலாகா என்று இருபத்தைந்து வருஷமாக விட்டுப் பழகிவிட்டது.

பாடம் நடக்கும்போது சமையலறையிலிருந்து கேட்டால் பழைய வாத்தியார்தான்.

"சொல்லும்மா. வெளிச்சம் எங்கேர்ந்து வருது?"

"வலது பக்க ஜன்னல்லேர்ந்து சார்."

"அந்தம்மா கை?"

"நெழல்ல இருக்கு சார். தட்டு மட்டும் வெளிச்சத்துல."

"ஏன்?"

"நம்ம கண்ணு மொதல்ல தட்டுக்குப் போகணும்னு."

"பலே! பாத்தியா, கழுத்தைச் சாய்க்காம சொல்லிட்ட."

ஒரு தரம் குருவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சார், என் போன்ல பார்த்தா இந்த ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு."

"நீ உன்னையே போன்ல படம் எடுத்தா என்ன ஆகுது? தலை வகிடு மாறித் தெரியுதா இல்லையா?"

"ஆமா சார்."

"அதேதான். யாரோ போனை வெச்சு எடுத்துப் போட்டிருப்பான். நான் நேர்ல நின்னு எடுத்தது இது."

அவளும் ஒப்புக்கொண்டாள். அவர் சொன்ன தோரணையில் யாராக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

பள்ளியில் மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். விடைத்தாள் கொடுத்த மறுநாள் குருவி வந்தாள். அன்று அவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"சார், மாதிரியில கொறைஞ்சுடுச்சு. நான் எல்லாத்தையும் இடம் வலம் மாத்தி எழுதியிருக்கேனாம். ஒண்ணு ரெண்டு இல்ல சார், எல்லாம். உனக்கு மொதல்லேர்ந்தே இந்தப் பிரச்சினை உண்டா, டாக்டர்கிட்டக் காட்டினியான்னு கேட்டாங்க டீச்சர்."

பள்ளியில் அந்தப் பாடம் எடுப்பவள் வாத்தியாரின் பழைய மாணவி. எந்தக் கேள்விக்கும் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதமாட்டாள் என்பதால் அவளுக்கு அரைப்பக்கம் என்று பெயர் வைத்தவரும் அவரே.

"யாரு, அரைப்பக்கமா? அவளுக்கு எந்தக் கையில சாப்பிடறதுன்னே தெரியாது. எனக்குச் சொல்ல வந்துட்டா! நீ எழுதினது சரி. அவ விட்டாலும் பெரிய பரீட்சையில விடமாட்டாங்க."

"சார், ஒரு படத்துல எழுத்து இருந்துச்சு. நம்ம அட்டையில பாத்தப்ப வாசிக்க முடியல, அதனால அது அந்தக் காலத்து எழுத்துன்னு எழுதிட்டேன். டீச்சர் அதை வகுப்புல சொல்லிச் சிரிச்சாங்க."

சமையலறையில் டோக்கன் அக்கா அவருடைய தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வலது பாதி காலி, இடது பாதி அப்படியே. தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

மதியம் அவரைப் படுக்கவைத்து, கைக்குத் தலையணை கொடுத்துவிட்டு, மேசைக்கு வந்தாள். ஒவ்வொரு ஸ்லைடின் ஒரு மூலையிலும் சிவப்புத் தாள், முன்னும் பின்னும் தெரிகிற மாதிரி மடித்து ஒட்டியிருந்தது. அவருடைய பழைய அடையாளம். கல்யாணமான புதிதில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சிவப்பு மூலை இடது கைக் கட்டைவிரலுக்கடியில் இருந்தால் படம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அவளும் இடது கையில் பிடித்தாள். ஜன்னல், மேசை, பெண். ஜன்னல் இடது பக்கம். அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஜன்னல் வலது பக்கம். இன்னொன்று. இன்னொன்று. பெட்டி முழுக்க அப்படித்தான்.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அவருக்கு இடது கட்டைவிரல் என்று ஒன்று இல்லை. இடது மூலை என்று ஒன்றும் இல்லை. சிவப்பைத் தேடியிருக்கிறார். சரியாகப் பிடித்தபோது அது கண்ணுக்கு வரவில்லை. அது வலது கட்டைவிரலுக்கடியில் வந்து நிற்கும்வரை ஸ்லைடைப் புரட்டியிருக்கிறார். வந்ததும் திருப்தி. முப்பது வருஷம் பார்த்த படங்களாயிற்றே, தெரியாதா என்றால், தெரியாது. அடிபட்ட மூளை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் படு சமர்த்து.

இங்கேதான் அவள் மழுப்பினாள். அவரிடம் சொன்னால் நம்பமாட்டார், நம்பினால் அதோடு உடைந்துபோவார். குருவியிடம் சொன்னால் அவள் வருவதை நிறுத்திவிடுவாள், வாசலைப் பார்த்து உட்கார இந்த மனிதருக்கு வேறு எதுவும் இல்லை. சத்தமில்லாமல் நாமே எல்லாவற்றையும் நேராக ஸ்கேன் செய்து அட்டைகளை மாற்றிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். கடைக்குப் போய்வந்து, அவர் தூங்கும் நேரத்தில் செய்ய ஒரு வாரம் பிடித்தது.

அந்த வாரத்திலும் குருவி வந்தாள், பழைய அட்டைகளையே படித்தாள். வந்தவளின் உள்ளங்கைகளில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. ஒன்றில் இ, மற்றதில் வ. எழுதும்போது கையைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து எழுதினாள். தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள். டோக்கன் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள், அந்தக் கைகளைப் பார்த்தாள், பேசாமல் உள்ளே போனாள்.

புது அட்டைகளை வைத்த அன்று வாத்தியார் முதல் அட்டையை எடுத்து முகத்தைச் சுளித்தார்.

"யாரு இதை வெட்டினது?"

"வெட்டலீங்க."

"பாதிப் படம் எங்க? வெறும் செவுரு இருக்கு, ஒரு திரை தொங்குது. அந்தம்மா எங்க? ஜன்னல் எங்க?" அடுத்ததை எடுத்தார். "இதுவும் பாதி. உன் கடையில உறை ஒட்டறேன்னு மெஷின்ல குடுத்து நாசமாக்கிட்டியா?"

குருவி எட்டி அட்டையைப் பார்த்தாள். அதில் எதுவும் குறையவில்லை. பெண், ஜன்னல், தட்டு எல்லாம் இருந்தன, இடது பக்கத்தில். அவள் மெதுவாகத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு டோக்கன் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு மழுப்ப ஒன்றும் மிச்சமில்லை.

குருவி கிளம்பியபோது டோக்கன் அக்காவும் கூடவே படிக்கட்டில் இறங்கினாள்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. படம்தான் தப்பு. அவருக்கு இடது பக்கம் தெரியாது. எல்லாத்தையும் திருப்பி வெச்சு எடுத்துட்டாரு."

"அப்ப என் மண்டையில கோளாறு இல்லையா, ஆன்ட்டி?" குருவியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. டோக்கன் அக்காவுக்கு அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மலர்ந்தது உடனே வாடியும் போயிற்று. "அப்ப நான் படிச்சது எல்லாம்?"

"திருப்பணும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"பரீட்சை வந்துடுச்சே ஆன்ட்டி." கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

குருவி கம்பியை விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டுவதற்கு அவள் அம்மா வந்தாள். மறுநாளே, ஓட்டுநர் சீருடையோடு, சலவைக்கடைக்கே. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தப் புள்ள ராவெல்லாம் உக்காந்து உருப்போட்டுச்சுக்கா. தனக்கு மூளை சரியில்லைன்னு என்கிட்ட அழுதுச்சு. நான் டாக்டருக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன். நீங்க டீ குடுத்துட்டுப் போனீங்களாமே!"

"ஆமா."

"கூடவே இருக்கீங்க. மொதல்லேர்ந்து தெரியாதுன்னா நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க. உங்க எடத்துல நானா இருந்தாலும் நம்பமாட்டேன். அந்தப் பள்ளிக்கூட டீச்சர்கிட்ட அனுப்புங்க. கெட்டிக்காரி. இன்னிக்கே அனுப்புங்க."

"நீங்க சொல்லித்தான் அனுப்பணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். பேருந்து எடுக்கும் நேரம். வரிசையில் அடுத்து நின்றவர் சட்டையை நீட்டி, "இந்த மை போகுமா?" என்று மெல்லக் கேட்டார். போகாது என்றாள்.

குருவி இன்னும் ஒரு தரம் வந்தாள். வந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. பள்ளியில் தனி வகுப்பு வைக்கிறார்கள், இனிமேல் வரமுடியாது என்று வாத்தியாரிடம் சொல்லவேண்டும் என்று வந்தாள். அவர் பழைய அட்டைகளைத்தான் எடுக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டாள். வலது பக்கம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவள் கண் மட்டும் ஒரு நொடி மூடித் திறந்தது. உள்ளே திருப்பிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வா. அரைப்பக்கம் சொல்றதை அரைக் காதுல கேளு" என்றார் வாத்தியார்.

"சரி சார்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, டோக்கன் அக்காவைப் பார்க்காமலே படியிறங்கினாள்.

அதன் பிறகும் பாடம் நடக்கும் நாட்களில் வாத்தியார் நல்ல சட்டை கேட்டார். போட்டுவிட்டாள். முன்னறையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். வாசல் அவருக்கு வலது பக்கம் இருக்கும்படி அவள் நாற்காலியைப் போட்டிருந்தாள். யாரும் வரவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

பரீட்சை நடந்தது, முடிவும் வந்தது. அம்மாவின் சீருடையைச் சலவைக்குப் போட குருவிதான் வந்தாள். டோக்கன் அக்கா துணியை உதறவில்லை.

"என்ன ஆச்சும்மா?"

"பாஸ் ஆன்ட்டி. முதல் தரம் வரல. ரெண்டாவது."

"அந்தக் காலேஜ்?"

"இல்லைன்னு சொல்லிட்டாங்க." கழுத்தைச் சாய்த்து, மேலே தொங்கும் துணிகளைப் பார்த்தபடி பேசினாள். "பழக்கமான படம் வந்தாத்தான் பயமா இருந்துச்சு. இது நான் திருப்பினதா, இன்னும் திருப்பலையா, ரெண்டு தடவை திருப்பிட்டேனான்னு ஒவ்வொண்ணுக்கும் நின்னு நின்னு எழுதினேன். கடைசியில தெரியாத படம் வந்துச்சு பாருங்க, ரொம்ப அழகா இருந்துச்சு ஆன்ட்டி. ஒரு படகு, கரையில ரெண்டு பேர். அதைத்தான் நல்லா எழுதியிருப்பேன். மணி அடிச்சுட்டாங்க."

"அடுத்த வருஷம் எழுதலாமே."

"அம்மா வேணாங்கறாங்க. டிப்போ ஆபீஸ்ல வேலை இருக்காம்." டோக்கனை வாங்கிக்கொண்டாள். "சார் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். அவருக்கும் நாள் ஞாபகம் இருந்தது. அவள் சொன்னாள், ரெண்டாம் தரம் என்று.

"நெனச்சேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு அந்தப் பொண்ணுக்கு, புத்தி பத்தாது. எத்தனை தடவை சொல்லிக்குடுத்தேன்! கவனம் இல்ல. நான் என்ன பண்ண முடியும்?"

டோக்கன் அக்கா பையைக் கீழே வைத்தாள். அவரை நம்பவைக்க முடியாது என்று எல்லா நாளும் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள்தான். அவர் மனம் நொந்துபோவதைப் பற்றி அன்று அவள் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கவனம் இல்லை என்று இந்த வீட்டில் ஒரு பேச்சு இருக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

"அவ மேல தப்பில்லீங்க. நீங்க குடுத்த படம் எல்லாம் திரும்பியிருந்துச்சு. இடம் வலமா, வலம் இடமா. எல்லாமே."

"உளறாதே."

"நர்ஸ் சொன்னாங்க. நான் உங்ககிட்டச் சொல்லல. உங்களுக்கு இடது பக்கம் தெரியல."

"எனக்குத் தெரியலையா? முப்பது வருஷம்... காட்டு. எங்க, காட்டு பாக்கலாம்."

அவள் புது அட்டையை அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதா? இது நீ வெட்டின படம். செவுரும் திரையும்."

அவர் பின்னால் போய் நின்றாள். அவர் தாடையை ஒரு கையாலும் பின்னந்தலையை மறு கையாலும் பிடித்தாள். குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி மெல்ல, மிக மெல்ல, முகத்தை இடது பக்கமாகத் திருப்பினாள். கழுத்து இறுகிக் கிடந்தது. அவர் முனகினார். அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"இப்ப என்ன தெரியுது?"

அவர் கண் அட்டையின் ஓரம் வரை தேடிப் போயிற்று.

"ஜன்னல்" என்றார்.

"அப்புறம்?"

"அந்தம்மா இருக்கா." குரல் வேறு மாதிரி வந்தது. "வெளிச்சம் இங்கேர்ந்துதான் வரும். ஆமா. இங்கேர்ந்துதான். எனக்குத் தெரியுமே இது." வலது கையால் அட்டையைத் தடவி, "எல்லாமேவா?" என்றார். குருவி படிக்கட்டில் கேட்ட அதே கேள்வி.

"எல்லாமே."

அவள் கையை எடுத்ததும் தலை தானாக வலது பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போது அவருக்குச் சுவரும் திரையும்தான் தெரிந்திருக்கும். அவர் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கைப் போட்டாள், அடுப்பில் தண்ணீர் வைத்தாள், அவர் மருந்தை எடுத்து வந்தாள். அவர் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு."

"இப்பவா?"

"போடு."

அம்மாதான் எடுத்தாள். டோக்கன் அக்கா போனை அவருடைய வலது காதில் வைத்துப் பிடித்தாள். எதிர்முனை அவளுக்கும் கேட்டது.

"நான் வாத்தியார் பேசறேன். குருவி... உங்க பொண்ணு சரியாத்தான் படிச்சா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் காட்டினதுதான் தப்பு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். அவகிட்டச் சொல்லணும்."

அந்தப் பக்கம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ எந்த வண்டி எங்கே போகும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இப்பச் சொல்லி என்ன சார் ஆகப்போகுது?" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தாள். "சீட்டைக் குடுப்பாங்களா? எனக்கு வண்டி எடுக்கணும் சார். ஒடம்பைப் பாத்துக்கங்க."

"சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார் வாத்தியார்.

போன் அதற்குள் வைக்கப்பட்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"வெச்சுட்டாங்க."

"சொல்லுவாங்களா?"

"தெரியல."

அவர் தலையாட்டினார். மருந்துக்குக் கை நீட்டினார், விழுங்கினார். தண்ணீர் இடது வாயோரம் வழிந்தது. அவள் துடைக்குமுன், எதையோ தேடுகிறவர் போல வலது கையைக் கொண்டுபோய்க் கன்னத்தைத் தடவினார். ஈரம் இருந்த இடம் அவருக்கு அகப்படவில்லை.

"இனிமே யாராவது படிக்க வர்றேன்னா, வேணாம்னு சொல்லிடு."

"யாரும் கேக்கல" என்றாள் டோக்கன் அக்கா. துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்தாள். புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகிவிட்டது.